அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் நடுக்கம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தில்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். மயூர் விகாரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. நவம்பரில் இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. வெளியே கொண்டுவந்தபோது பற்கள் தந்தியடிக்க, கட்டிலின் பக்கக் கம்பியே அதிரும்படி நடுங்கினார். வெப்பநிலை 35.1 டிகிரி செல்சியஸ். இரண்டு கம்பளி போர்த்தியும் அடங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சூடான காற்றை ஊதும் போர்வையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே விரல் நுனிகளில் நிறம் திரும்பியது. அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டால் உடலின் உள்ளே இருக்கும் சூடு கை கால்களுக்குப் பரவி வெளியேறும் என்றும், 36 டிகிரிக்குக் கீழே போனால் இரத்தப்போக்கும் புண்ணில் தொற்றும் கூடலாம் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கம்பளி இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாகத் தராது.

ஜனவரியில் வலது கால். தில்லிக் குளிரைச் சொல்லவே வேண்டாம். இங்கே செவிலியராக இருக்கும் சகோதரிகள் வழிகாட்ட வேண்டும். அறுவைக்கு அரை மணி நேரம் முன்பே உடலைச் சூடாக்குவது, நரம்பில் ஏற்றும் திரவத்தை வெதுவெதுப்பாக்குவது ஆகியவற்றை யாரிடம் கேட்பது? மயக்க மருத்துவரிடமா, அறுவை மருத்துவரிடமா? அத்தை வெந்நீர்ப் பை கொண்டுவருகிறேன் என்கிறார். மரத்த காலில் சுட்டாலும் தெரியாதே என்று பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அதற்குள் பதில் வந்தால் கேள்விகளை எழுதிக்கொண்டு போவேன்.