புதுப்படம் வீட்டில் பார்ப்பதா, தியேட்டரிலா: கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடைசிவரிசை

"வீடுதான் மலிவு" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நாலு பேர் உள்ள குடும்பத்தை மனதில் வைத்தே சொல்கிறார்கள். இணையத்தில் படம் பார்க்கக் கட்டும் வாடகை வீடு முழுக்க ஒன்றே, டிக்கெட் தலைக்கு ஒன்று. ஆள் கூடக்கூட வீடு ஜெயிக்கும், அதில் சண்டையில்லை. ஒருவர், இருவர் என்று வரும்போதுதான் இழுபறி.

ஊருக்கு ஊர் விலை மாறுவதால் ஒரு டிக்கெட்டின் விலையை 1 என்று வைத்துக்கொள்வோம். படம் புதிதாக இருக்கும்போதே வரும் பிரீமியம் வாடகை 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் கூடுதல் கட்டணம் 0.1. இதைப் பெரும்பாலும் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்றே வாங்குகிறார்கள், மொத்தத்துக்கு இவ்வளவு என்று அல்ல. போய்வர, வண்டி நிறுத்த எல்லாம் சேர்த்து 0.5. கேன்டீனில் தலைக்கு 1.

ஒருவர் மட்டும், கேன்டீன் பக்கம் போகாமல்: 1.6. வாடகையைவிடக் குறைவு! இருவர் கேன்டீன் இல்லாமல் 2.7, கேன்டீனோடு 4.7. நால்வர் என்றால் 4.9, கேன்டீனோடு 8.9. பட்ஜெட்டைத் தூக்கி அடிப்பது டிக்கெட் அல்ல, கேன்டீன். முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடுவதால் தியேட்டர்காரர் தன் லாபத்தைக் கேன்டீனில்தான் தேடுகிறார். அங்கே விலை குறையும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள். பிறகு மற்ற செலவுகளுக்கு வருவோம்.

ரீல்பெட்டி

கடைசிவரிசை சார் சொன்ன அந்த "2" சும்மா வந்ததல்ல. படத்தைச் சீக்கிரம் வீட்டில் காட்ட என்ன விலை வைக்கலாம் என்று ஸ்டுடியோக்கள் பல வருடம் ஆழம் பார்த்திருக்கின்றன. 2011-இல் யுனிவர்சல் 'டவர் ஹைஸ்ட்' படத்தை வெளியான மூன்றாவது வாரத்தில் அமெரிக்காவின் இரண்டு நகரங்களில் மட்டும் வீட்டுக்குக் கொடுக்கத் திட்டமிட்டது. விலை 59.99 டாலர். தியேட்டர் நிறுவனங்கள் படத்தையே போடமாட்டோம் என்று கொடி பிடிக்க, திட்டம் கைவிடப்பட்டது. புதுப்படத்தை வீட்டுக்கே கொடுக்கும் பிரைமா சினிமா என்றொரு சேவை இருந்தது: கருவி 35,000 டாலர், அதற்குமேல் ஒரு முறை பார்க்க 500 டாலர். பணக்காரர் பொம்மை. 2016-இல் ஸ்கிரீனிங் ரூம் என்ற யோசனை வந்தது: பெட்டி 150 டாலர், படம் 50 டாலர், 48 மணி நேரம். அதுவும் கரை சேரவில்லை.

2020-இல் தியேட்டர்கள் மூடியதும் ஏப்ரல் 10 அன்று 'ட்ரோல்ஸ் வேர்ல்டு டூர்' 48 மணி நேர வாடகைக்கு 19.99 டாலரில் வந்தது. கதவு அன்றைக்குத்தான் உடைந்தது. அந்த ஜூலையில் யுனிவர்சலும் ஏஎம்சி என்ற தியேட்டர் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தியேட்டருக்கு மட்டுமான காலம் 17 நாளாகச் சுருங்கியது. அதற்குமுன் அமெரிக்காவில் சுமார் மூன்று மாதம் என்பதுதான் வழக்கம்.

செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது 'முலான்'. 2020 செப்டம்பர் 4 அன்று டிஸ்னி பிளஸ் சந்தாவுக்கு மேல் 29.99 டாலர். டிசம்பர் 4 அன்று அதே படம், அதே சேவையில், சந்தாதாரர் எல்லாருக்கும் கூடுதல் காசில்லாமல். ஆக அந்த 29.99 படத்துக்கான விலை அல்ல, மூன்று மாதம் முந்திப் பார்ப்பதற்கான விலை. பிரீமியம் வாடகை, பிறகு சாதாரண வாடகை, பிறகு சந்தா என்று படிப்படியாக இறங்குவது பல படங்களில் நடக்கிறது. எந்தப் படியில் ஏறிப் பார்க்கிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

அரைவாட்ஸ்

சாதனச் செலவை யாரும் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்களும் தப்பாகச் சேர்க்கிறார்கள். டிவி எப்படியும் வீட்டில் இருக்கும், அதைப் படக் கணக்கில் ஏற்றக் கூடாது. படத்துக்காகவே வாங்கிய ஸ்பீக்கர், அதை இயக்கும் ரிசீவர், புரொஜக்டர், திரை ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள்.

அவை மொத்தம் 100 டிக்கெட் விலை, ஆயுள் 5 வருடம் என்று வையுங்கள். வருடம் 25 படம் பார்த்தால் 125 படம், படத்துக்கு 0.8. வருடம் 10 படம்தான் என்றால் படத்துக்கு 2. அதாவது கடைசிவரிசை போட்ட வாடகை 2-க்கு மேல் இன்னொரு 2. கேன்டீன் பக்கம் போகாத இருவர் மட்டும் உள்ள வீட்டில் இந்த இடத்தில் கணக்கு அப்படியே கவிழ்கிறது. புரொஜக்டர் வாங்கத் துடிப்பவர்கள் போன வருடம் உண்மையில் எத்தனை படம் பார்த்தோம் என்று சந்தா சேவையின் பார்வை வரலாற்றைத் திறந்து எண்ணிவிட்டு முடிவெடுங்கள். மனசு சொல்லும் எண் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும்.

விளக்கு வைத்த புரொஜக்டர் என்றால் விளக்கின் ஆயுள் 3000 முதல் 5000 மணி. விளக்கு விலையை 3000-ஆல் வகுத்து, படத்தின் நீளத்தால் பெருக்குங்கள். ஆயுள் முடிவில் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதால் 5000-ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லேசர் என்றால் 20,000 மணி, அந்தத் தலைவலி இல்லை.

வெளிச்சத்திலும் ஏமாறாதீர்கள். 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு வகுத்த அளவு 48 நிட்ஸ். அதை எட்ட இருட்டறையில் திரைமேல் புரொஜக்டரின் ஒளி சுமார் 420 ல்யூமென் விழுந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பச்சை தட்டும் பிரகாச மோடில் அளந்தது. சினிமா மோடில் அது பாதிக்கும் கீழே போவது சாதாரணம். ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் எத்தனை ல்யூமென் வாங்கினாலும் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். ஜன்னல் திரைச்சீலைக்குப் போடும் காசு புரொஜக்டருக்குப் போடும் காசைவிடப் பயன்தரும்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புரொஜக்டர் 300 வாட், ஒலி 100 வாட் என்றாலும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்.

கம்பிவலை

காசு கட்டியும் கிடைக்காமல் போகும் தரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 4கே விலை கொடுத்து, அதைவிட மிகக் குறைந்த 480பி தரத்தில் பார்ப்பவர்கள் நிறைய. அவர்களுக்கே தெரியாது.

முதல் சந்தேகம் வைட்வைன், அதாவது படத்தை நகலெடுக்காமல் காக்கும் மென்பொருள் பூட்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் இதற்கு எல்1, எல்3 என்று நிலைகள். எல்3 என்றால் பெரும்பாலான சேவைகள் எஸ்டி எனும் குறைந்த தரத்தோடு நிறுத்திவிடும். விலை மலிவான பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் பல எல்3-தான், அட்டையில் '4கே' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும். மென்பொருளை மாற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்த போன்களிலும் எல்1 போய்விடலாம். டிஆர்எம் இன்ஃபோ செயலியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

அடுத்தது எச்டிசிபி 2.2, கேபிளில் போகும் படத்தை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு. 4கே படம் ஓட பெட்டி, ரிசீவர், டிவி என்று சங்கிலியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இது வேண்டும். நடுவில் பழைய ரிசீவர் ஒன்று உட்கார்ந்திருந்தால் 1080பி-க்கு இறங்கும், அல்லது திரை கறுத்துக் கறுத்து வரும். ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. பெட்டியை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக ரிசீவருக்கு அனுப்புங்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் (தலைக்குமேலும் கேட்கும் சுற்றொலி) டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில்தான் வருகிறது, சாதா ஏஆர்சி அதைத் தாங்கும். டிவி அதை அப்படியே கடத்த வேண்டும், ரிசீவரும் அட்மாஸ் அறிந்ததாக இருக்க வேண்டும். அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி தேவைப்படுவது டிஸ்க்கில் உள்ள ட்ரூஎச்டி எனும் தரம் குறையாத ஒலிக்கு.

மூன்றாவது, பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளைக்குத் துளை 'என்ஹான்ஸ்டு' அல்லது 'டீப் கலர்' என்றொரு அமைப்பு அணைந்தே வரும். அதைப் போடாமல் விட்டால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் தரம்) வராது.

நான்காவது இணையம். 4கே-க்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வேண்டும். மணிக்கு சுமார் 7 ஜிபி இழுக்கும், இரண்டரை மணிப் படத்துக்கு 17.5 ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் குறையும், படம் நிற்காது, தரம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். கம்பி போட முடிந்தால் போடுங்கள். டிவியின் ஈதர்நெட் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், ஆனாலும் ஸ்ட்ரீமிங்குக்குத் தாராளம்.

இதையெல்லாம் வாடகை கட்டுவதற்கு முன் சோதியுங்கள். அதே செயலியில், அதே கருவியில், இலவசமாகவோ சந்தாவிலோ உள்ள ஒரு 4கே படத்தை ஐந்து நிமிடம் ஓட்டி, டிவி ரிமோட்டின் தகவல் பொத்தானை அழுத்தினால் உள்ளே வரும் ரிசொல்யூஷன் தெரியும். செயலி டிவிக்குள்ளேயே ஓடினால் சில டிவிகள் காட்டாது, அப்போது செயலியின் தர அமைப்பைப் பாருங்கள்.

இரண்டாம்ஆட்டம்

லேப்டாப்பில் வாடகைக்கு எடுத்து எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குக் கொடுத்தால் போதாதா? தனிப் பெட்டி எதற்கு?

கம்பிவலை

போதாது. கணினி உலாவிக்குப் பல சேவைகள் எச்டிக்கு மேல் தருவதில்லை, சில எஸ்டியோடு நிறுத்துகின்றன. டிவியிலேயே உள்ள செயலி அல்லது பெயர் பெற்ற ஸ்டிக் எதுவானாலும் அதைவிட மேல். வாங்கும்போதும் பாருங்கள்: எஸ்டி, எச்டி, 4கே என்று தனித்தனி விலை போட்டிருந்தால், உங்கள் கருவி தாங்காத தரத்துக்குக் காசு கட்டாதீர்கள். பிறகு கேட்டால் சில இடங்களில் திருப்பித் தருவார்கள், ஆனால் பாதிப் படம் பார்த்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. பிழை எண்ணைப் படமெடுத்துவிட்டு உடனே எழுதுங்கள்.

இன்னொன்று, வாடகைக் கடிகாரம். பொதுவாகத் தொடங்க 30 நாள், தொடங்கிவிட்டால் 48 மணி. நிறுத்தி வைத்தால் கடிகாரம் நிற்காது. ஆகவே "படம் வருகிறதா பார்ப்போம்" என்று வெள்ளிக்கிழமை காலையில் அழுத்திவிட்டு ஞாயிறு மாலை உட்கார்ந்தால் கதை முடிந்தது.

புரொஜக்டர்அறை

வீட்டுக்காரர்கள் இவ்வளவு பேசியாயிற்று, இப்போது தியேட்டரில் காசுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

டிஜிட்டல் சினிமாக் கோப்பின் உச்ச வேகம் 250 எம்பிபிஎஸ், 12 பிட் நிறம். ஸ்ட்ரீமிங்கின் சுமார் 16 எம்பிபிஎஸ்ஸையும் இதையும் வைத்து "பதினைந்து மடங்கு" என்று குதிக்காதீர்கள். சினிமாக் கோப்பு ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குகிறது, ஸ்ட்ரீமிங் அடுத்தடுத்த ஃபிரேம்களின் வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அவ்வளவு பெரிதில்லை. இருட்டுக் காட்சி, புகை, மழை, இவற்றில்தான் ஸ்ட்ரீமிங் கட்டம் கட்டமாக உடையும். ஒலியில் வேறுபாடு உண்மையிலேயே பெரிது: தியேட்டரில் சுருக்காத ஒலி, ஆறு தடங்கள் கொண்ட 5.1-க்கே சுமார் 7 எம்பிபிஎஸ். ஸ்ட்ரீமிங் அட்மாஸுக்கு அதிகபட்சம் 0.768.

இதெல்லாம் தியேட்டர் ஒழுங்காக இருந்தால். ஒழுங்கில்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது? 2டி படம் மங்கலாக இருந்தால் திரும்பி புரொஜக்டர் அறையின் கண்ணாடியைப் பாருங்கள். ஒளிக்கற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாக வந்தால் சில கருவிகளில் 3டி லென்ஸைக் கழற்றவில்லை என்று அர்த்தம், வெளிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். ஒலி சன்னமாக இருந்தால் யாரோ புகார் சொல்லி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கியிருக்கிறார்கள். 7 என்பது படத்தை மிக்ஸ் செய்த அளவு. பல இடங்களில் 5-க்குக் கீழே ஓட்டுகிறார்கள். எழுந்துபோய்ச் சொல்வதானால் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லுங்கள். அப்போது சரிசெய்வார்கள், இல்லையேல் டிக்கெட்டாவது மாற்றிக் கொடுப்பார்கள். முடிந்தபின் போனால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

இருக்கை: திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடு. ஒலியை அளந்து சரிசெய்வது அந்த இடத்தை ஒட்டித்தான். அது கிடைக்காவிட்டால் அடுத்த காட்சிக்குப் போங்கள், மூலை இருக்கைக்கு முழு விலை கொடுப்பது வீண். ஐமேக்ஸ் கூடுதல் கட்டணத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தில் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் 1.90 அல்லது 1.43 ஆக விரியும் காட்சிகள் இருந்தால் கொடுக்கலாம். முழுப் படமும் 2.39 என்றால் அங்கேயும் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான்.

அரைவாட்ஸ்

அந்த 2.39 விஷயம் வீட்டுக்கும் பொருந்தும். 16:9 டிவியில் 2.39 படம் பரப்பில் முக்கால்வாசியைத்தான் நிரப்பும். 55 அங்குல டிவி வாங்குபவர்கள் இதை நினைத்துக்கொண்டு உட்காரும் தூரத்தைக் குறையுங்கள். டிவியின் மூலைவிட்ட நீளத்தை 1.6-ஆல் பெருக்கினால் 30 டிகிரி பார்வைக் கோணம் வரும், 55-க்கு 2.2 மீட்டர். தியேட்டர் நடு வரிசை மாதிரி 40 டிகிரி வேண்டுமானால் 1.2 மடங்கு, 1.7 மீட்டர். நாலு மீட்டர் தள்ளி சோபா போட்டுவிட்டு 4கே-க்குக் காசு கட்டுவதில் அர்த்தமில்லை, எச்டி வாடகையே போதும்.

வசனம் கேட்கவில்லை என்பவர்கள் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். மொத்த ஒலியையும் ஏற்றினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

கடைசிவரிசை

மாதச் சந்தா டிக்கெட் பற்றி யாரும் தொடவில்லை. வரம்பில்லாமல் பார்க்கலாம் என்ற திட்டங்களில் சந்தா விலையை டிக்கெட் விலையால் வகுத்தால் மாதம் எத்தனை படத்தில் காசு தேறும் என்று வரும். பெரும்பாலும் 2-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் போக்குவரத்து 0.5 ஒவ்வொரு தடவையும் தனி. அத்துடன் குறைந்தபட்சம் எத்தனை மாதம் கட்டியாக வேண்டும், பெரிய திரைக்குக் கூடுதல் உண்டா, முன்பதிவுக் கட்டணம் தள்ளுபடியா, இந்த மூன்றையும் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். அமெரிக்காவில் மூவிபாஸ் என்ற நிறுவனம் 2017 ஆகஸ்ட்டில் மாதம் 9.95 டாலருக்குத் தினம் ஒரு படம் என்று அறிவித்தது, 2019 செப்டம்பரில் இழுத்து மூடிவிட்டார்கள். டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கி உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எத்தனை நாள் தாங்கும்? தியேட்டரே நடத்தும் திட்டம் என்றால் காலி இருக்கையைத்தான் கொடுக்கிறது, கேன்டீனில் எடுத்துக்கொள்ளும். வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவதென்றால் அந்த மாதிரித் திட்டத்துக்கு மட்டும் கட்டுங்கள்.