ஹை டைட் குழுவின் ‘சீ ஷான்டீஸ்’ பற்றி யாருமே பேசுவதில்லையே, ஏன்?

கேள்வி:
ஹை டைட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இந்த ஆல்பத்தை விட்டு ஒரு வாரமாக வெளியே வர முடியவில்லை. 1969இல் வந்தது. ஹெவி மெட்டலைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரியில் என்பதை நினைத்துக்கொண்டு முதல் பாட்டு ‘ஃப்யூட்டிலிஸ்ட்ஸ் லமென்ட்’டைப் போட்டுப் பாருங்கள், அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எவ்வளவு கனமாக வந்து விழுகிறது! டோனி ஹில் கிட்டார், சைமன் ஹவுஸ் வயலின், பீட்டர் பாவ்லி பேஸ், ரோஜர் ஹேடன் டிரம்ஸ், அவ்வளவுதான் ஆட்கள். ஹெவி ப்ராக், அதாவது கனமான ப்ரோக்ரெசிவ் ராக் என்று பேச்சு வந்தாலே கிங் கிரிம்சன் குழுவில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். இதை ஏன் விட்டுவிட்டோம்? எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறதா?

பதில் 1:
உங்களுக்கு மட்டும் இல்லை. வயலின் என்றதும் நாம் எதிர்பார்ப்பது பாட்டுக்கு மேலே இனிமையாக ஓடும் ஒரு மெட்டு. இங்கே கிட்டார் ஒரு பக்கம் கத்த, வயலின் அதன் மேலேயே ஏறி மிதிக்கிறது, சில இடங்களில் எது கிட்டார் எது வயலின் என்று பிரிக்கவே முடியாது. ‘டெத் வார்ம்ட் அப்’ ஒன்பது நிமிடம், யாரும் பாடுவதே கிடையாது, இரண்டு பேரும் மூச்சு விடாமல் சண்டை போடுகிறார்கள். அப்புறம், பெயரும் காலை வாரிவிட்டது என்று நினைக்கிறேன். ‘சீ ஷான்டீஸ்’ என்றால் கப்பல்காரர்கள் பாட்டு, அதை நம்பி வாங்கியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள் :)

பதில் 2:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வாசிப்பு அபாரம்தான், ஆனால் பாட்டு எங்கே? கேட்டு முடித்தபின் முணுமுணுக்க ஒரு வரி கூட மனதில் நிற்பதில்லை. ஒலிக்கலவையும் சேறு மாதிரி, டிரம்ஸ் எங்கோ பின்னால் கிடக்கிறது. ஹில் பாடுவதைக் கேட்டால் டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனின் ஞாபகம்தான் வருகிறது. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பமும் அதே ஆண்டுதான், அதில் அமைதியான பாட்டுகளும் இருப்பதால்தான் கனமான இடம் கனமாகத் தெரிகிறது. இவர்கள் எல்லா நேரமும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
டிரம்ஸ் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எல்லா நேரமும்’ என்பது அநியாயம். ‘புஷ்ட், பட் நாட் ஃபர்காட்டன்’ கேட்டீர்களா இல்லையா? மெதுவாக, கிட்டத்தட்ட தாலாட்டு போலப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று வெடிக்கும், மறுபடி ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். நான் ஆல்பத்தில் விழுந்ததே அந்தப் பாட்டில்தான்.

பதில் 3:
பதில் 2 எழுதிய நண்பருக்கு: முணுமுணுக்க முடியாது என்பது உண்மை, ஆனால் இதை அப்படிக் கேட்கக் கூடாது. ‘மிஸ்ஸிங் அவுட்’டை மட்டும் தனியாக, ஹெட்போனில், முதல் முறை வயலினை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த முறை பாவ்லியின் பேஸை. மேலே இரண்டு பேரும் எங்கெங்கோ அலையும்போது தரையைப் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். எனக்கு மூன்றாவது தடவையில்தான் பிடிபட்டது, அதுவரை நானும் வெறும் இரைச்சல் என்றுதான் நினைத்தேன்.

சைமன் ஹவுஸ் பிறகு ஹாக்விண்ட் என்ற ராக் குழுவில் சேர்ந்தார், 1978இல் பாடகர் டேவிட் போவியின் சுற்றுப்பயணத்திலும் வாசித்தார். அங்கே கேட்டு ரசித்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். குழுவின் பெயரிலேயே 1970இல் வந்த இரண்டாவது ஆல்பமும் இருக்கிறது, மொத்தமே மூன்று பாட்டு. பதில் 2 நண்பர் அதைத் தொடவே வேண்டாம், இன்னும் நீளம்.

பதில் 2:
சரி, இன்று இரவு ‘மிஸ்ஸிங் அவுட்’. பேஸ் மட்டும்.