டார்க் வெப்பில் என் அடையாள அட்டை எண் இருக்கிறதாம்: நானே போய்ப் பார்க்கலாமா?

ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் அம்மாவும் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து சென்ற மாதம் மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர்களின் பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவை களவு போய்விட்டதாகவும், அவை டார்க் வெப்பில் விற்பனைக்கு வந்திருக்கக்கூடும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து அம்மாவின் கைப்பேசிக்கு நாள் தவறாமல் மோசடி அழைப்புகள் வருகின்றன. அவர் மணியொலி கேட்டாலே பயப்படுகிறார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தம்பி, டார்க் வெப்பைத் திறக்கும் டோர் உலாவியை நிறுவினால் நாமே உள்ளே சென்று நம் விவரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், நம்மை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறான். அந்த இடம் உண்மையில் எப்படிப்பட்டது, அதைத் திறப்பது சிங்கப்பூரில் குற்றமா, தம்பி சொல்வதுபோல அது நம்மை முழுவதும் மறைத்துவிடுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கம்பிவடம்

சகோதரி, முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தேடுபொறியின் கைக்கு எட்டாதவை எல்லாமே டீப் வெப், அதாவது ஆழ்வலை. சிங்பாஸ் வழியாக நுழைந்து நீங்கள் பார்க்கும் மத்திய சேமநிதிக் கணக்கும் உங்கள் மின்னஞ்சல் பெட்டியும் அதில் அடங்கும். அவற்றில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, பூட்டு மட்டுமே உண்டு. டார்க் வெப் என்பது அதற்குள் இருக்கும் சிறு மூலை. வழக்கமான உலாவியில் திறக்காத, பெரும்பாலும் டோர் வலையமைப்பில் மட்டும் இயங்கும், ‘டாட் ஆனியன்’ என்று முடியும் முகவரிகளைக் கொண்ட தளங்கள் அங்கே இருக்கின்றன.

டோரின் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுப்பகுதியில் நடந்த ஆய்வில் இருக்கிறது. கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் ஒரு மறைவழி இருந்தால், அதில் செல்பவர் எல்லாருமே கடற்படையினர் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே பொதுமக்களும் கலந்து நடக்கும் பாதையாக அது இருக்க வேண்டியிருந்தது. கூட்டம் இருந்தால்தான் ஒருவர் அதில் மறைய முடியும்.

அது இயங்கும் முறை இதுதான். நீங்கள் அனுப்பும் செய்தியை உங்கள் கணினியே மூன்று உறைகளில், ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு ஒட்டிவிடுகிறது. தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் ஆளுக்கோர் உறையைப் பிரிக்கின்றன. முதலாவதற்கு அனுப்பியவர் யார் என்று தெரியும், சேருமிடம் தெரியாது. மூன்றாவதற்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. ஆனால் வழக்கமான இணையத்தளத்துக்குச் செல்லும்போது கடைசி உறை பிரிந்த பிறகு, அத்தளம் மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாததாக இருந்தால், மூன்றாவது கணினியை நடத்துபவர் உள்ளே இருப்பதை அப்படியே படிக்கலாம். 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் நாட்டவர் இவ்வகைக் கணினிகளை நடத்தித் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டி வெளியிட்டுக் காட்டினார்.

ஆனியன் தளங்களுக்குச் செல்லும்போது, வழக்கமான இணையத்துக்கு வெளியேறும் அந்தக் கடைசி வாசல் இல்லை. நீங்களும் தளமும் தனித்தனிச் சங்கிலி வழியாக வந்து நடுவில் ஓர் இடத்தில் சந்திக்கிறீர்கள். இருவருக்கும் மற்றவரின் இருப்பிடம் தெரியாது. ஃபேஸ்புக் 2014இலும் பிபிசி 2019இலும் இத்தகைய முகவரிகளைத் திறந்தன. ஆகவே அங்கே இருப்பதெல்லாம் திருட்டுச் சந்தை என்று எண்ணிவிட வேண்டாம்; தணிக்கை மிகுந்த நாட்டில் இருந்துகொண்டு செய்தி படிக்க விரும்புபவருக்கு அதுவே வாசல்.

நிழல்தேடி

தம்பியின் கடைசி வாக்கியம்தான் எனக்குக் கவலை தருகிறது. டோர் நீங்கள் எங்கே செல்கிறீர்கள் என்பதை மறைக்கிறது. நீங்கள் டோரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை, இணைப்புத் தரும் நிறுவனத்திடமிருந்து, தானாக மறைப்பதில்லை. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், டோர் வழியாகத்தான் அனுப்பினார். ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த இணைப்பில் இருந்துகொண்டு அனுப்பியதால், அந்நேரம் அங்கிருந்து டோரை நாடியவர்களைத் தேடியபோது அவர் அகப்பட்டார். கூட்டத்தில் மறையலாம் என்று கம்பிவடம் ஐயா சொன்னாரே, அந்த மாணவருக்கு அந்த வளாகத்தில் கூட்டம் இல்லை.

டார்க் வெப்பில் போதைப்பொருள் விற்கப்பட்ட சில்க் ரோடு சந்தையை நடத்தியவரும் அதே 2013இல் கைதானார். தொடக்க நாள்களில் வேறொரு தளத்தில் தம் சொந்தப் பெயரிலான மின்னஞ்சல் முகவரியை அவர் எழுதி வைத்திருந்ததே அவரை அடையாளம் காட்டிய தடங்களில் ஒன்று. டோருக்குள் போய்ச் சொந்தக் கணக்கில் நுழைவது, இறக்கிய கோப்பை டோருக்கு வெளியே திறப்பது, புதுப்பிக்காத உலாவியை வைத்திருப்பது ஆகியவற்றில் எது ஒன்று நடந்தாலும் மூன்று உறைகளும் வீணாகிவிடும். உங்கள் தம்பி கற்றுக்கொள்ள விரும்பினால் தடுக்க வேண்டாம்; டோரை உருவாக்கும் அமைப்பான டோர் ப்ராஜெக்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கட்டும், கூடுதல் நீட்சிகள் எதையும் சேர்க்காமல் இருக்கட்டும்.

தெக்கா_ராணி

சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். டோரை வைத்திருப்பதையோ திறப்பதையோ குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. அங்கே செய்யும் செயலுக்கு, வெளியே செய்தால் என்ன சட்டமோ அதே சட்டம். ஆனால் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்தின்படி, களவாடப்பட்ட தனிப்பட்ட விவரங்கள் என்று தெரிந்தே அவற்றைப் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றமாகலாம். குற்ற நோக்கம் இல்லை என்று விளக்கம் சொல்ல இடம் உண்டு என்றாலும், விளக்கம் சொல்லும் நிலைக்கு ஏன் போக வேண்டும், அக்கா? அந்தக் கோப்பு கிடைத்தாலும் அதில் உங்கள் ஒருவர் வரி மட்டுமா இருக்கும்? ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விவரம் உங்கள் கணினிக்கு வந்துவிடும். பணம் கேட்பவரிடம் கொடுத்தால், திருடனுக்கு வாடிக்கையாளர் ஆகிறீர்கள். கண்டுபிடித்தாலும் அதை அங்கிருந்து அழிக்கவும் முடியாது.

மின்னஞ்சல் முகவரி கசிந்திருக்கிறதா என்பதை மட்டும் 2013இல் தொடங்கப்பட்ட ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில், வழக்கமான உலாவியிலேயே பார்க்கலாம். அதைவிட முக்கியம், கசிந்த எண்ணைப் பயனற்றதாக்குவது. அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு 2025இல் அரசாங்கமே தனியார் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் அம்மாவின் கோப்புகள், கணக்குகள் எவையெவை அந்த எண்ணால் திறக்கின்றன என்று இன்றே உட்கார்ந்து பாருங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அம்மாவுடன் அமர்ந்து பார்த்ததில், அவருடைய காப்புறுதிக் கோப்பு உட்பட நான்கு கோப்புகள் அடையாள அட்டை எண்ணாலேயே திறந்தன, அனைத்தையும் மாற்றிவிட்டோம். 1799 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். தம்பி டோரை நிறுவி, பிபிசி தமிழின் செய்திகளை ஆனியன் முகவரி வழியாகப் படிக்க முடிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

கம்பிவடம்

ஆனியன் முகவரி 56 எழுத்துகளும் எண்களும் கலந்தது; ஓர் எழுத்து மாறினாலும் அது நீங்கள் தேடும் தளத்தின் முகவரி அல்ல. யாரோ பகிர்ந்த பட்டியலிலிருந்து எடுக்காமல், அந்தந்த நிறுவனத்தின் வழக்கமான இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கும் முகவரியிலிருந்தே அவனைப் படியெடுக்கச் சொல்லுங்கள்.