பொருள்: வாஸ்குலர் டிமென்ஷியாவுக்கு "மறதி நோய்"னு போடலாமா? (அவசரம்)

முத்தியால்பேட்டையிலிருந்து:
வணக்கம். எங்க பகுதி முதியோர் முகாமுக்கு வாஸ்குலர் டிமென்ஷியா (மூளை ரத்தக்குழாய் கெட்டு யோசிக்கிற திறன் குறையுற நோய்) பத்தி ஒரு பக்க நோட்டீஸ் தமிழாக்குறேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போவணும். எல்லாரும் "மறதி நோய்"னே எழுதிடுறாங்க, எனக்கு மனசு ஒப்பல. எங்க அம்மாவுக்கு இதுதான். லேசா பக்கவாதம் வந்து போனதுலேர்ந்து, ரசம் வைக்க அடுப்ப பத்த வச்சிட்டு அஞ்சறைப்பெட்டிய தொறந்தபடி அப்படியே நிப்பாங்க. கடுகு எது சீரகம் எதுன்னு கேட்டா காட்டுவாங்க, தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு கூட சொல்லுவாங்க, ஆனா எத மொதல்ல போடுறது, அடுத்து என்ன, அது ஓடாது. ஞாபகம்தான் நல்லா இருக்கேன்னு ஒரு வருசம் டாக்டர்கிட்டயே போவல, சோம்பேறித்தனம்னு திட்டிட்டேன். அந்த "மறதி"தான் எங்கள ஏமாத்துச்சு.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
அம்மா, வள்ளுவர் 54ஆம் அதிகாரத்துல மறதிய பொச்சாப்புங்கறார், ஆனா அது கடமைய மறக்குற குற்றம், நோயாளி தலைல அதச் சுமத்தக் கூடாது. ஓர்தல்னா ஆராய்ந்து எண்ணுறது. "குருதிக்குழல் ஓர்மைத்தளர்வு"ன்னு வைங்க. பிள்ளைத்தமிழ்ல குழந்தைக்குத் தளர்நடைன்னு வரும், இந்த நோய்ல நடையும் தளருதுன்னு படிச்சேன், சொல் ரெண்டுக்கும் பொருந்துது. ரத்தக்குழாய்க்கு நாளம்னும் சிலர் எழுதுறாங்க, அது வடசொல், வேணாம்.

நெய்வேலியிலிருந்து:
நாளமில்லாச் சுரப்பின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிட்டோமே ஐயா, இன்னும் என்ன வடசொல்? அதுவும் வேணாம்னா ரத்தக்குழாய்னே போடுங்க, பெரியவங்களுக்கு அதான் புரியும்.

அரியாங்குப்பத்திலிருந்து:
நான் பிசியோதெரபிஸ்ட். ஐயா, மாஹேயும் நம்ம புதுச்சேரிதான், அங்க பேசுற மலையாளத்துல ஓர்மன்னாலே ஞாபகம், சுத்தி மறதிக்கே வந்துட்டோம். அக்கா சொன்னது சரி. மூளைக்குள்ள ஆழத்துல இருக்குற சின்ன ரத்தக்குழாய்ங்க அடைபட்டா, மூளையோட முன்பகுதிய மத்த பகுதியோட இணைக்குற நரம்பு இழைங்க கெட்டுப்போவுது, அதனால திட்டமிடுறது, கவனம், யோசிக்கிற வேகம் இதெல்லாம்தான் பலருக்கு மொதல்ல அடிபடுது. இன்னொன்னு, நோட்டீஸ்ல "படிப்படியாகக் குறையும்"னு போட்டுடாதீங்க. தமிழ்ல படிப்படியான்னா கொஞ்சங்கொஞ்சமா. இது அப்படியில்ல, பக்கவாதத்துக்கப்புறம் வர்றப்ப பல மாசம் ஒரே நெலைல நிக்கும், திடீர்னு ஒரு படி இறங்கும். அதனாலதான் "தேய்வு"ன்னு முடியுற பேரும் வேணாங்கறேன், நெலா மாதிரி மெல்லத் தேயுறதில்ல. பிபி, சுகர், சிகரெட்ட கட்டுப்படுத்துனா அடுத்த படிய தள்ளிப்போட வாய்ப்பிருக்கு, அத பெரிய எழுத்துல போடுங்க.

நெய்வேலியிலிருந்து:
அப்ப அறிவுத்தளர்வு?

முத்தியால்பேட்டையிலிருந்து:
தெருவுல "அறிவில்லையா"ன்னு வைய்யற சொல்லுங்க அது, அம்மா படிச்சா அழுதுடுவாங்க. ஜப்பான்ல 2004லயே இழிவா இருந்த பழைய பேர தூக்கிட்டு புதுசு வச்சாங்க, நமக்கும் அந்த அக்கறை வேணும். சிந்தனைத்தளர்வு?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
சிந்தனையும் வடசொல்லே. எண்ணத்தளர்வுன்னாவது வைங்க.

அரியாங்குப்பத்திலிருந்து:
எண்ணம் தளந்துச்சுன்னா மனசு ஒடைஞ்சதுன்னு ஆயிடும் ஐயா. சிந்தனைத்தளர்வுக்கே என் ஓட்டு.

நெய்வேலியிலிருந்து:
எனக்கும் அதான். மணி பன்னெண்டாவுது.

முத்தியால்பேட்டையிலிருந்து:
"ரத்தக்குழாய் சிந்தனைத்தளர்வு"ன்னு போட்டு, கீழயே வாஸ்குலர் டிமென்ஷியான்னும் எழுதிட்டேன், ஆஸ்பத்திரி சீட்டுல அந்தப் பேர்தானே இருக்கும். மொத வரி: "ஞாபகம் நல்லா இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம்."

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
மொத வரி அருமை. ரத்தம், சிந்தனை ரெண்டும் வடசொல்லுங்கற என் மறுப்பு அப்படியே நிக்குது, அடுத்த அச்சுக்கு முன்னாடி மறுபடி பேசுவோம். அம்மா ரசம் வைக்கிறப்ப பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்கம்மா.