வினவல் தொடரமைப்பு: மெத்தட்களைக் கோப்பதா, எஸ்க்யூஎல் வரியையே எழுதுவதா?

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காக பைத்தானில் ஒரு சிறிய கிளையன்ட் லைப்ரரி எழுதி வருகிறேன். நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கும் மெத்தட்களாகக் கோத்து, ‘தொடக்கம் < முடிவு’ போன்ற ஒப்பீடுகளை பைத்தான் குறிகளாலேயே எழுத வைப்பது படிப்பவருக்கு இயல்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் வரியை அப்படியே எழுதி, மதிப்புகளை மட்டும் தனியே தருவது மற்றொரு வழி. எதைத் தேர்ந்தால் பின்னாளில் சிக்கல் குறையும்?

பதில் 1:
ஒப்பீட்டோடு நின்றால் தொல்லை இல்லை. இரண்டு நிபந்தனைகளை இணைக்கும்போதுதான் அது தொடங்குகிறது. ‘அண்ட்’, ‘ஆர்’ ஆகிய சொற்களின் செயலை மாற்றியமைக்க பைத்தான் இடம் தருவதில்லை என்பதால் எல்லோரும் & குறியை நாடுகிறார்கள்; அதுவோ ஒப்பீட்டுக் குறிகளைவிட முன்னுரிமை பெற்றது. ‘தொடக்கம் < முடிவு & நிலை == 1’ என்று அடைப்புக்குறியின்றி எழுதினால், ‘முடிவு & நிலை’ முதலில் இணைந்து, மீதி ‘அ < ஆ == இ’ போன்ற ஒரு தொடர் ஒப்பீடாகிவிடும். தொடர் ஒப்பீட்டை பைத்தான் உள்ளுக்குள் ‘அண்ட்’ கொண்டு பிரிக்கிறது. ஒப்பீடு தரும் நிபந்தனைப் பொருள் (ஆப்ஜெக்ட்) இயல்பாக ‘உண்மை’ என்றே கொள்ளப்படுவதால், முதல் நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போகும். பிழைச்செய்தி வராது, தவறான வரிசைகள் மட்டும் வரும். ஆகவே நிபந்தனைப் பொருளை உண்மை-பொய்யாக மதிப்பிட முயன்றால் உடனே பிழை எழுப்புங்கள்; பைத்தானின் தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமி அப்படித்தான் செய்கிறது.

பதில் 2:
நான் எஸ்க்யூஎல் வரியின் பக்கம். வினவல் உரையும் $1, $2 என்ற இடங்களுக்கான மதிப்புகளும் சர்வருக்குத் தனித்தனியே போவதால், மதிப்புக்குள் மேற்கோள் குறி இருந்தாலும் வினவலின் அமைப்பு குலையாது. 2025-இல் வந்த பைத்தான் 3.14-இன் டி-ஸ்ட்ரிங் வசதி, வரிக்குள்ளேயே மாறியை எழுதினாலும் உரையையும் மதிப்பையும் பிரித்தே லைப்ரரியின் கையில் தருகிறது; இந்தத் தேவைக்கு அதைவிடப் பொருத்தமானது பைத்தானில் இல்லை என்பேன்.

ஆனால் அட்டவணைப் பெயர், நெடுவரிசைப் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது ஆகியவற்றை இப்படி மதிப்பாக அனுப்ப முடியாது. அவற்றுக்குத் தனி வகை ஒன்றை வைத்து, வெறும் ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) ஏற்க மறுத்துவிடுங்கள். பட்டியலில் தேடும்போதும் கவனம் தேவை: பட்டியல் காலியாக இருந்தால் ‘இன் ()’ என்பது போஸ்ட்கிரெஸில் தொடரமைப்புப் பிழை; ‘= எனி($1)’ என்று ஓர் அரேயாக (மதிப்புகளின் ஒரே தொகுப்பாக) அனுப்பினால் காலிப் பட்டியலுக்கும் சரியாக இயங்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டி-ஸ்ட்ரிங்கையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன்; நிபந்தனைகள் கூடிக் குறையும் தேடல் பக்கங்களுக்கு மட்டும், & குறிக்குப் பதிலாக ‘எல்லாம்’, ‘ஏதேனும்’ என்ற இரண்டு சார்புகளைத் தருவேன்.