பெண் என்றால் நாற்று, நிலம், ஆறு: உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?

மன்னார்குடிக்காரி:
எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தாலே, "பொம்பளைப் புள்ள நாத்து மாதிரி, ஒரு இடத்துல வளர்த்து இன்னொரு இடத்துல நடணும்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பறிக்கும்போது வேர் அறுபடுகிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? உங்கள் ஊரில் எப்படி?

வாய்க்கால்கரை:
தண்ணீர்ப் பிரச்சினையில் வாய் திறக்காத ஆண்களைப் பார்த்து "சேலையக் கட்டிக்கிட்டு வீட்டுல இரு" என்பார்கள். சொன்னவர் வயலில் காலையிலிருந்து சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருப்பது முழுக்கச் சேலை கட்டியவர்கள்தான். கோபமாக வருகிறது.

தமிழாசிரியர்:
இது பழைய விஷயம். குறள் 1039-ஐப் பாருங்கள், போய்ப் பார்க்காத உரியவனோடு நிலம் மனைவிபோல ஊடும். அழகான உவமைதான், ஆனால் உடையவன் ஆண், நிலம் பெண் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. இன்றும் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

திருவையாறு அம்மா:
ஆடிப்பெருக்கில் காவிரியை மசக்கைக்காரி என்று சித்ரான்னமும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடுகிறோம், அதை நான் விடமாட்டேன். ஆனால் என் மகள் டிராக்டர் ஓட்டினால் "ஆம்பள மாதிரி ஓட்டுறா" என்கிறார்களே, நன்றாக ஓட்டுகிறாள் என்றால் போதாதா?