நாற்பது வயதில் மெட்டபாலிசம் குறைகிறதா?

கெடிலக்கரையான் (கடலூர்):
"நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும், பிறகு எவ்வளவு நடந்தாலும் எடை இறங்காது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மெட்டபாலிசம் என்பது உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகம். அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 29 நாடுகளைச் சேர்ந்த சுமார் 6,400 பேரின் ஆற்றல் செலவை ஆராய்ந்து, 2021-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். உடலின் அளவையும் கொழுப்பின் பங்கையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. நாற்பது என்ற எண் எங்கிருந்து வந்தது?

கடற்கரைச்சாலை நடையர் (புதுச்சேரி):
அதை எழுதியவன் நான்தான். அந்த எண் என் உடம்பிலிருந்து வந்தது. வண்டிகளை விடாத அதிகாலையில் ஐந்து ஆண்டுகளாகக் காந்தி சிலையைச் சுற்றி நடந்து வருகிறேன். முப்பது வயதில் ஒரே மாதத்தில் இறங்கிய எடை, நாற்பத்தாறில் மூன்று மாதமாகியும் இறங்கவில்லை. என் எடைக்கருவியை நம்பாமல் உங்கள் இதழை நம்ப வேண்டுமா?

கெடிலக்கரையான்:
எடைக்கருவி எடையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நடந்து முடித்ததும் இரண்டு மெதுவடை சாப்பிடுவதாக நீங்களே போன மாதம் எழுதினீர்கள். நடையில் செலவானது அங்கேயே திரும்பிவிடுகிறது. 20 முதல் 60 வரை மாற்றமில்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:
வடையை இழுப்பது முறையல்ல, ஐயா. தைராய்டு சுரப்பு குறைந்தபோது நான் பட்ட பாட்டை நானறிவேன். "வாயைக் கட்டுங்கள்" என்று உங்களைப் போலவே சொல்லி அனுப்பிய மருத்துவர் ஒருவர், இரத்தப் பரிசோதனை எழுதித்தர ஓராண்டு எடுத்துக்கொண்டார். எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற அமெரிக்கர்கள் 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டதையும் படியுங்கள். ஓய்வில் அவர்களுடைய உடல் செலவழித்த ஆற்றல், எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாக இருந்தது. மெட்டபாலிசம் குறையும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கெடிலக்கரையான்:
குறையாது என்று நான் எங்கே எழுதினேன்? நாற்பதில் குறையாது என்றுதான் எழுதினேன். தைராய்டு ஒரு நோய், அந்தப் போட்டியாளர்கள் கடுமையாக எடை இழந்தவர்கள். இரண்டுமே வயதின் வேலை அல்ல. 20 முதல் 60, அம்மா.

மஞ்சக்குப்பம் பயில்வான்:
தசையை வளர்த்தால் தூக்கத்திலும் கொழுப்பு எரியும் என்பதை இருவருமே மறந்துவிட்டீர்கள்.

கெடிலக்கரையான்:
ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கிறது. ஈரல் கிலோவுக்கு 200, மூளை 240. எடை தூக்குங்கள், உடம்புக்கு வலு சேரும். ஆனால் ஐந்து கிலோ தசை கூடினாலும் ஒரு இட்லிக்குச் சற்று மேலான கணக்குதான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைச் சான்றாக வைத்து, கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று போன ஆண்டு என்னோடு மல்லுக்கு நின்றவரும் நீங்கள்தான்.

மஞ்சக்குப்பம் பயில்வான்:
அந்த ரசத்தால் என் தந்தைக்கு ஆறு கிலோ இறங்கியது. அன்று அவரைப் பொய்யர் என்றீர்கள். நான் மறக்கவில்லை.

கெடிலக்கரையான்:
பொய்யர் என்று நான் எழுதவில்லை. இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு ரசம் மட்டும் குடித்ததால் இறங்கியது என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

கடற்கரைச்சாலை நடையர்:
கடலூர்க்காரர்கள் கொள்ளுச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். உடலின் அளவைக் கணக்கில் கொண்ட பிறகு என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொற்களுக்குள்தானே விஷயமே இருக்கிறது? நாற்பதில் தசை தேய்கிறது, அலுவலக நாற்காலியில் பத்து மணி நேரம் போகிறது, செலவும் குறைகிறது. அதைத்தான் எங்கள் ஊரில் மெட்டபாலிசம் குறைந்துவிட்டது என்கிறோம்.

கெடிலக்கரையான்:
நாற்காலியின் பழியை வயதின் மேல் போடுகிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்து, நாற்பத்தொன்று வயதான என் தம்பி நடையையே நிறுத்திவிட்டான். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். 20 முதல் 60 வரை மாற்றமில்லை. அந்த வரியைத் திருத்துங்கள்.

கடற்கரைச்சாலை நடையர்:
உங்கள் தம்பியைக் காலையில் என்னோடு நடக்க அனுப்புங்கள். வரியைத் திருத்த மாட்டேன்.

கெடிலக்கரையான்:
அப்படியானால் நாளையும் இதே கேள்வியோடு வருவேன்.